இன்னும் ஒரே ஒரு பஜ்ஜி

மலை ஏறினால் பசிக்கும். இதற்கு விஞ்ஞானமெல்லாம் வேண்டாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவர்கூட, ஏரிக்கரையில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் எண்ணெய்ச் சட்டி இருக்கிற பக்கமாகத் திரும்பி நிற்பார். மிளகாய் பஜ்ஜி. வெளியே குளிர், கையில் சூடு. சுகர் மாத்திரை பைக்குள் பத்திரமாக இருக்கிறது. ‘ஒண்ணே ஒண்ணு’ என்றுதான் ஆரம்பிக்கும். தட்டு காலியாகும்போது எண்ணிக்கை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இரண்டாவது பஜ்ஜிக்கும் ஆறாவது பஜ்ஜிக்கும் நடுவில் என்ன நடந்தது? பசி இரண்டிலேயே அடங்கிவிட்டது. நாக்குகூட நான்காவதோடு அலுத்துவிட்டது. அப்படியானால் மீதி இரண்டைச் சாப்பிட்டது யார்?

சிரிக்காதீர்கள். கிறிஸ்தவ மரபு 1,600 வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் பண்ண வைப்பார். அகங்காரம், கோபம், மோகம், லோபம், காய்மகாரம், சோம்பல்... இவற்றோடு போசனப்பிரியம். மற்ற ஆறும் கேட்கும்போதே பாவம் மாதிரி ஒலிக்கும். இது மட்டும் செல்லப்பெயர் மாதிரி இருக்கும். பிரியம் என்பது எவ்வளவு நல்ல வார்த்தை! சாப்பாட்டின் மேல் பிரியம் வைத்தால் கொலைகாரன் கோபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவதா?

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சுவிசேஷத்தைத் திறந்தால் இயேசுவையே போஜனப்பிரியன் என்று ஊர் ஏசியிருக்கிறது. அவர் கல்யாண வீட்டுக்குப் போனார், வரிவசூல்காரன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார், உயிர்த்தெழுந்த பிறகு ஏரிக்கரையில் கரியில் மீன் சுட்டுச் சீடர்களைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். சாப்பாட்டை வெறுக்கிற மதத்துக்கு இப்படி ஒரு குரு வாய்த்திருக்க முடியாது. அதனால், ‘ருசியே தப்பு, உடம்பே சிறை’ என்று யாராவது கிறிஸ்துவின் பெயரால் சொன்னால், அவர் பாதி புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது போசனப்பிரியம் என்பது எது?

இதை முதலில் பட்டியல் போட்டவர்களில் ஒருவர் எவாகிரியுஸ். 4-ம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்த துறவி. மனிதனை விழவைக்கிற எண்ணங்கள் எட்டு என்று எழுதி, சாப்பாட்டு ஆசையை முதலில் வைத்தார். நாம் என்ன நினைப்போம்? பாலைவனத்தில் காய்ந்த ரொட்டியும் உப்பும் தின்று கிடந்த சந்நியாசியின் கனவில் விருந்துச் சாப்பாடு வந்திருக்கும் என்றுதானே? அவர் வர்ணிக்கிற சோதனையே வேறு. அந்த எண்ணம் வந்து துறவியின் காதில் வயிறு, ஈரல், மண்ணீரல் என்று பேச ஆரம்பிக்குமாம். ‘இப்படியே விரதம் இருந்தால் நீண்ட நோய் வரும், கை கால் வீங்கும், இங்கே வைத்தியரும் கிடையாது, நாளைக்குத் தானியமும் தீர்ந்துபோகும்’ என்று பயமுறுத்துமாம். அதாவது, பெருந்தீனியின் ஆணிவேரில் அவர் பார்த்தது ருசியை இல்லை. பயத்தை!

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வருகிறது. இன்றைக்கு இருக்கிற எந்த மனநல மருத்துவரும் இதை மறுக்க மாட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். பசியா என்றால் இல்லை என்பார். வேலையில் ஒரு பேச்சு, பையனின் மார்க், கட்டாத தவணை... இப்படி ஏதோ ஒன்று வயிற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் வாயை அடைக்கத்தான் மிக்சர்.

பின்னால் 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வந்தார். உடம்பு கொஞ்சம் பெரிய மனிதர் என்று பழைய கதைகள் சொல்கின்றன. அதனாலோ என்னவோ, விஷயத்தை நிதானமாக அலசியிருக்கிறார். போப் முதலாம் கிரகோரியார் வழியில் போசனப்பிரியத்தை ஐந்து விதமாகப் பிரித்தார். நேரத்துக்கு முன்பே சாப்பிடுவது, விலை உயர்ந்ததாகத் தேடுவது, அளவுக்கு மீறுவது, அள்ளி அள்ளி விழுங்குவது, பக்குவத்தில் நுணுக்கம் பார்த்துப் பிடிவாதம் பிடிப்பது. கவனித்தீர்களா? ஐந்தில் அளவு என்பது ஒன்றே ஒன்றுதான். மீதி நாலும் ஒல்லியாக இருக்கிறவருக்கும் பொருந்தும். காபியில் டிகாக்ஷன் முதல் இறக்கலா இரண்டாவதா என்று கேட்டு, ‘இதெல்லாம் ஒரு காபியா?’ என்று டம்ளரை நகர்த்தி வைத்து ஒரு வீட்டின் காலை நேரத்தையே கெடுக்கிறவர், அரை டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டார். ஆனாலும் அக்குவினாஸ் கணக்கில் அவர் போசனப்பிரியர்தான். சி.எஸ். லூயிஸ் 1942-ல் புத்தகமாக வெளியிட்ட, மூத்த பிசாசு இளைய பிசாசுக்கு எழுதுகிற கடிதங்களிலும் இப்படி ஒரு அம்மாள் வருகிறார். கொஞ்சமாகத்தான் வேண்டும், ஆனால் தான் நினைத்த மாதிரியே வேண்டும்.

இதனால் ஒன்று தெளிவாகிறது. பருத்த உடம்பைப் பார்த்து, ‘வாயைக் கட்டத் தெரியாத ஆளு’ என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. உடம்பு பெருப்பதற்குப் பரம்பரை உண்டு, தைராய்டு உண்டு, சில மாத்திரைகள் உண்டு, தூக்கமில்லாத ஷிப்டு வேலை உண்டு. கட்டுப்பாடே இல்லாமல் தின்றுவிட்டு வெட்கத்தில் ஒளிந்துகொள்கிறவர்களுக்கு, அது வைத்தியம் தேவைப்படுகிற நோயாகவும் இருக்கலாம். அவர்களுக்கு டாக்டர் வேண்டும், பிரசங்கம் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று கணக்குச் சொன்னது. அத்தனை பேரையும் பாவிகள் என்று சொல்ல எந்தப் போதகருக்கும் தைரியம் வராது. வந்தால், முதலில் அவருடைய சுகர் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, பயத்துக்கு வருவோம்.

எகிப்திலிருந்து தப்பி வந்த இஸ்ரவேலர் கதை தெரியும்தானே? வனாந்தரத்தில் தினமும் காலையில் மன்னா விழும். கொத்தமல்லி விதை மாதிரி இருக்குமாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று மூடி வைத்தால் புழு வைத்துவிடும். ஓய்வு நாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு. நம் ஊர் இல்லத்தரசிகள் இந்தத் திட்டத்தை ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்! அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணாகமத்தில் அழுகிறார்கள். எகிப்தில் தின்ற மீன் ஞாபகம் வருகிறது. வெள்ளரிக்காய், முலாம்பழம், வெங்காயம், பூண்டு... எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. முதுகில் விழுந்த சவுக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. ஆசைக்கு எவ்வளவு வசதியான நினைவாற்றல் பாருங்கள். காடை வந்து குவிந்தபோது பகலும் ராத்திரியும் மறுநாளும் நின்று வாரினார்கள். அந்த இடத்துக்குக் கடைசியில், இச்சைப்பட்டவர்களின் கல்லறை என்ற அர்த்தத்தில் பெயர் வந்தது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. அன்று காலையிலும் மன்னா விழுந்திருந்தது. நாளைக்கு விழும் என்பதில்தான் நம்பிக்கை இல்லை.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்கிற உளவியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். குழந்தை முன்னால் ஒரு மிட்டாய் வைப்பார்கள். ‘நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்பார்கள். காத்திருந்த குழந்தைகள்தான் பின்னாளில் படிப்பில் தேறினார்கள் என்று உலகமே இதைக் கொண்டாடியது. நம் ஊர் சுயமுன்னேற்ற மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளர் கிடையாது. அதன் அடுத்த பாகத்தைத்தான் அவர்கள் சொல்வதில்லை. 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதே சோதனையைச் செய்தார்கள், ஒரு சின்ன மாற்றத்தோடு. முதலில் குழந்தைகளுக்கு, ‘நல்ல கலர் பென்சில் கொண்டுவரேன்’ என்று ஒரு வாக்குக் கொடுத்தார்கள். பாதிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். மீதிக் குழந்தைகளிடம், ‘இல்லைப்பா, தீர்ந்துபோச்சு’ என்று கையை விரித்தார்கள். அதன்பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிஷம். 2018-ல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று, வீட்டின் வசதியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பழைய மிட்டாய்ப் பெருமை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்றது.

ஏமாந்த குழந்தை தின்றது பலவீனத்தால் இல்லை. அதுவரை அதற்குக் கிடைத்த அனுபவப்படி, கையில் இருப்பதைத் தின்பதுதான் புத்திசாலித்தனம். அன்றாட அப்பத்தை இன்று தாரும் என்று தினமும் ஜெபிக்கிற கிறிஸ்தவர், அதில் ‘இன்று’ என்ற சொல்லை எவ்வளவு வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்!

இன்னொரு ஆளையும் இங்கே விசாரிக்க வேண்டும். ஏசா, வேட்டையிலிருந்து களைத்து வந்து, ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு மூத்த மகன் உரிமையை விற்றான். பசியில் செத்தே போய்விடுவேன் என்று அவன் சொன்னது மிகை. ஒரு வேளை சாப்பிடாததால் வேட்டைக்காரன் சாக மாட்டான். இதை வைத்து ஏசாவை எத்தனையோ பிரசங்கங்களில் சாத்தியிருக்கிறார்கள். ஆனால் கூழ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் பசியோடு வருகிற நேரம் பார்த்து விலை பேசினானே தம்பி யாக்கோபு... அவனைப்பற்றி ஏன் மூச்சே இல்லை? சோதனையில் விழுகிறவனுக்கு நூறு புத்திமதி, சோதனையை விற்கிறவனுக்குக் கடை வாடகையில் சலுகை! ராத்திரி பத்தரைக்கு, ‘பசிக்குதா? பாதி விலை!’ என்று செல்போனில் மணி அடிக்கிறதே, அதுவும் யாக்கோபின் கிண்ணம்தான். அந்த மணியை அணைத்து வைப்பது கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஏசாவுக்கு அந்த வசதி இல்லை.

ஏற்காட்டுக்குத் திரும்பலாம். ஏரியையும் பஜ்ஜிக் கடையையும் விட்டு மலைக்குள் போனால் மஞ்சக்குட்டை மாதிரியான சிற்றூர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, இன்றைக்கு இந்தச் சேர்வராயன் மலையின் முகமாகவே ஆகிவிட்டது. சில்வர் ஓக் நிழல், அதன்மேல் ஏறின மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. கிறிஸ்துமஸ் சமயத்தில் பழம் பறிப்பு நடக்கும். அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல் காலம். செடியில் மொட்டு இருக்கும், ஆனால் தூங்கும். அந்த வறட்சியைச் செடி பட்டே ஆக வேண்டும். பட்ட பிறகு ஒரு நல்ல மழை பெய்தால், ஏறக்குறைய பத்தே நாளில் மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசனை அடிக்கும். வருஷம் முழுக்க ஈரம் இருக்கிற நாடுகளில் காபி இப்படி ஒன்றாகப் பூக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். நம் மலையில் இந்தக் காய்ச்சல் காலமும் தவக்காலமும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருகின்றன. விரதத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. செடியை வாட்டுவது தண்டனைக்காக இல்லை.

ஆனால் விரதத்திலும் ஒரு பொடி வைத்த இடம் உண்டு. அதற்குச் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது.

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலி. நமக்குத் தத்துவ போதகர். 1623-ல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வரைக்கும் நடந்தே வந்தார். பெரிய பிரபு குடும்பத்துப் பிள்ளை. கறியும் திராட்சை மதுவும் பழகின நாக்கு. அதையெல்லாம் விட்டுவிட்டு, காவி கட்டி, ஒரு நாளைக்கு ஒரே வேளை, சோறும் காய்கறியும் பாலும் மட்டும் என்று பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஏன்? கறி தின்கிற பரங்கிக்குப் பக்கத்தில் மதுரைப் பெரியவர்கள் உட்கார மாட்டார்கள் என்பதால். தன் நாக்கை அடக்கியது மற்றவர்கள் தன்னிடம் வர வேண்டும் என்பதற்காக. கேட்கவே உயர்வாக இருக்கிறது.

அதே சோற்றுத் தட்டுக்கு மறுபக்கமும் உண்டு. அந்த ஆசாரத்தைக் காப்பாற்ற, மதுரையில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரதவர்களோடு அவர் சேர்ந்து வாழவில்லை, சேர்ந்து சாப்பிடவில்லை. பிற்பாடு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களையே வைக்க வேண்டியதாயிற்று. ஒரு பந்தியைத் திறந்த கட்டுப்பாடு இன்னொரு பந்தியை மூடியது. அவர் காலத்தின் நெருக்கடி புரிகிறது. அதனால் அந்த மூடின கதவு இல்லாமல் போய்விடாது. விரதம் இருக்கிறவர் தன் இலையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து இலையில் யார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் கோபப்பட்டதும் இதற்காகத்தான். அங்கே எல்லோரும் கூடி ஆண்டவருடைய பந்தியைச் சாப்பிட வேண்டும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வந்து தங்கள் கூடையைப் பிரித்துவிடுவார்கள். கூலி வேலை முடிந்து ஏழை வந்து சேரும்போது ஒருவனுக்கு வெறி, இன்னொருவனுக்குப் பசி. ஒரே மேஜையில்! இங்கே பாவம், எத்தனை கவளம் என்பதில் இல்லை. காத்திருக்கவில்லை என்பதில்.

இதே சேலம் ஜில்லா அதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினியாக அறிவித்து தர்பாரும் விருந்துமாக அமர்க்களப்பட்டது. அதே மாதம், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். கல் உடைக்கிற ஆளுக்கு! மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது மெல்லக் கொல்கிற அளவு என்று எதிர்த்துச் சண்டை போட்டார். வெட்டியவர், எதிர்த்தவர் இருவருமே ஞாயிற்றுக்கிழமை பைபிள் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதில் கட்டுப்பாட்டை ஊருக்கெல்லாம் போதித்தவர் டெம்பிள். சாப்பாட்டு விஷயத்தில் கட்டுப்பாட்டை அடுத்தவன் வயிற்றில் செய்து பார்ப்பது என்றைக்குமே சுலபம்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. 2025-ல் இந்தியக் கடைகளுக்கு மவுஞ்சாரோ, வெகோவி என்று வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிற ஊசிகள் வந்தன. போட்டுக்கொண்டவர்கள் பலர், ‘எடை குறைஞ்சதைவிட மண்டைக்குள்ள சாப்பாட்டுச் சத்தம் நின்னுபோச்சு, அதுதான் அதிசயம்’ என்கிறார்கள். அப்படியானால் இச்சையடக்கம் மருந்துக் கடையில் விற்கிறதா? இத்தனை வருஷம் முழங்காலில் நின்று கேட்டது ஊசியில் கிடைத்தால் அது புண்ணியமா, வெறும் சிகிச்சையா?

இதில் எனக்குக் குழப்பம் இல்லை. டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது இச்சையடக்கத்தை ஆவியின் கனி என்கிறார். கனி என்பது செடி பல்லைக் கடித்துச் சம்பாதிக்கிற கூலி இல்லை. மழை வெளியிலிருந்துதான் வருகிறது. ஊசியால் சத்தம் நின்றால், கிடைத்த அமைதியில் பயம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று காதுகொடுத்துக் கேட்கலாம். அந்த வேலையை மருந்துக் கம்பெனி செய்து தராது. அத்தோடு, ‘எனக்குக் குறைஞ்சிடுச்சு, உனக்கு ஏன் முடியலை?’ என்று அடுத்தவரைக் கேட்காமலும் இருக்கலாம். ஊசியின் விலை எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகிறதா என்ன?

கத்தோலிக்கச் சட்டத்தில் கட்டாய ஒருசந்தி என்பது வருஷத்துக்கு இரண்டே நாள்தான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வரைக்கும். ஒரு முழுச் சாப்பாடு, மற்ற நேரத்தில் கொஞ்சமாக ஏதாவது. இவ்வளவுதானா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். நாற்பது நாளும் கறியைத் தள்ளிவைத்து, ஈஸ்டர் காலையில் மட்டன் கடையில் முட்டி மோதுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. பல ஊர்களில் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் வெளியே அண்டாவில் கஞ்சி ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளத் துவையல், இல்லாவிட்டால் ஊறுகாய். கார்க்காரரும் வரிசையில்தான் நிற்க வேண்டும். கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருப்பதால் வாங்கியவுடன் குடிக்கவும் முடியாது. வரிசையில் யாராவது ஒரு அம்மா தூக்குப் பாத்திரத்தோடு நிற்பார். வீட்டில் படுத்திருக்கிறவருக்கு. அண்டா அடி தெரிய ஆரம்பித்ததும் ஊற்றுகிறவர் தலையைத் தூக்கி வரிசையின் நீளத்தை ஒரு தடவை பார்ப்பார். பார்த்துவிட்டு, அடுத்த கரண்டியைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுவார்.